தனியா சந்தா கட்டி வக்கீல் சங்கத்துல சேரணுமா? படிப்பு விஷயத்த மட்டும் வச்சு ஒரு ரிவ்யூ (நாகர்கோவில், தக்கலை ஆளுங்களுக்கு)

என்ரோல் பண்ணிட்டு வர்ற பிள்ளைங்க எல்லாம் கேக்குறது ஒரே கேள்வி, "அக்கா அந்த சங்கத்துல சேர்ந்தா நமக்கு என்ன கிடைக்கும்". ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன்.

இது கோர்ட் வளாகத்துக்குள்ள இருக்குற பார் அசோசியேஷன் பத்தி இல்ல. அதுல நாம எல்லாருமே இருக்கோம், உட்கார ஒரு நாற்காலி, ஒரு பிரச்சனைன்னா கூட நிக்க ஆளு, வெல்ஃபேர் ஃபண்டு, இதுக்கெல்லாம் அது வேணும், அதுல ரிவ்யூ போட ஒண்ணும் இல்ல. நான் சொல்றது அதுக்கு மேல தனியா சந்தா கட்டி சேர்ற சங்கங்கள். நான் ரெண்டுல இருக்கேன். ஒண்ணு மாநில அளவுல உள்ளது, நம்ம மாவட்டத்துல கிளை வச்சு சனிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில்லயும் தக்கலையிலயும் மாத்தி மாத்தி கிளாஸ் நடத்துறாங்க. இன்னொண்ணு டெல்லில ஆபீஸ் உள்ள அகில இந்திய சங்கம், அதுல எல்லாமே ஆன்லைன் தான். பேரு போடல. குறையும் சொல்லப்போறேன், திங்கக்கிழமை அதே வராந்தால தான முழிக்கணும்.

முதல்ல காசு. வக்கீலா பதிவு பண்ண பார் கவுன்சில்ல கட்டுற என்ரோல்மெண்ட் ஃபீஸ் வேற, இந்த சந்தா வேற, நிறைய ஜூனியர்ஸ் ரெண்டையும் போட்டு குழப்பிக்குறாங்க. என்ரோல்மெண்டுக்கு சட்டத்துல சொன்ன தொகைக்கு மேல வாங்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2024 ஜூலைல சொல்லிருச்சு, பொதுப்பிரிவுக்கு 750 ரூபா, எஸ்.சி. எஸ்.டி. பிள்ளைங்களுக்கு 125. ஆனா தனி சங்கம் எவ்வளவு வாங்கணும்னு எந்த கணக்கும் கிடையாது, அவங்க வச்சது தான் ரேட்டு. சீனியர் மாசம் என்ன குடுக்குறாருன்னு நமக்கு தெரியும். பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2024 அக்டோபர்ல ஜூனியருக்கு மாசம் டவுன்ல 20,000, கிராமத்துல 15,000 ரூபா குடுங்கன்னு பரிந்துரை சுற்றறிக்கை அனுப்புனாங்க, நம்ம பக்கம் அத படிச்சு சிரிச்சுட்டு மடிச்சு வச்ச ஆபீஸ் தான் அதிகம். அதனால சந்தா கட்டுற ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன வருதுன்னு பாக்கத்தான் வேணும்.

சேரலேன்னா என்ன ஆகும்னு கேட்டா, சட்டப்படி ஒண்ணும் ஆகாது. ஏ.ஐ.பி.இ. (பார் கவுன்சில் வைக்கிற வக்கீல் தகுதி பரீட்சை) ஒரு தடவ பாஸ் பண்ணிட்டா அதோட சரி, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் நம்மள யாரும் பரீட்சை வைக்கப்போறதில்ல. நியூயார்க்ல பழைய வக்கீலா இருந்தாலும் 2 வருசத்துக்கு 24 மணி நேரம் கிளாஸ் கணக்கு காட்டணும், கலிபோர்னியால 3 வருசத்துக்கு 25 மணி நேரம். இங்கிலாந்துல சொலிசிட்டர்ஸுக்கு வருசம் 16 மணி நேரம்னு இருந்தது, 2016ல அத எடுத்துட்டு உன் வேலைக்கு என்ன தேவையோ அத நீயே படிச்சு வச்சுக்கோன்னு மாத்திட்டாங்க. நியூயார்க், கலிபோர்னியா மாதிரி இடத்துல சங்கத்துல சேர்ற ஆளுக்கு அந்த மணி நேரத்த சந்தாவுலயே முடிச்சுக்கலாம், சேர்றதுக்கு அதுவே ஒரு காரணம். நமக்கு அந்த கட்டாயம் இல்ல. நம்ம நாட்டுல டாக்டருக்கு கிரெடிட் ஹவர்னு ஒண்ணு இருக்கு, வக்கீலுக்கு அதுவும் கிடையாது. அப்போ இங்க ஒரு சங்கம் குடுக்குற சர்டிபிகேட்டுக்கு பிரேம் போட்டு மாட்டுறத தவிர பெரிய வேல இல்ல, உள்ள கிளாஸ் என்ன தரத்துல நடக்குதுங்கறது மட்டும் தான் கேள்வி.

இந்த கேள்வியே, ஐ.பி.சி. (குற்றமும் தண்டனையும்), சி.ஆர்.பி.சி. (கிரிமினல் கேஸ் நடைமுறை), சாட்சிய சட்டம் மூணுக்கும் பதிலா புது சட்டம் வந்த 2024 ஜூலை 1க்கு முன்னாடி இவ்வளவு பெருசா இல்ல கேட்டியளா. ஐ.பி.சி. 511 செக்‌ஷன் நமக்கு தூக்கத்துல வரும், 302ன்னா பெட்டிக்கடைக்காரருக்கு கூட தெரியும், 420 திட்டுற வார்த்தையாவே ஆயிப்போச்சு. ஒரே நாள்ல 302 போயி 103, 420 போயி 318(4), முன்ஜாமீன் 438 போயி 482, அதுல பாருங்க கொடும, பழைய 482 தான ஹைகோர்ட்ல எஃப்.ஐ.ஆர். ரத்து பண்ண போடுறது, அது இப்போ 528. பழைய பழக்கத்துல 482ன்னு தலைப்பு போட்டு குவாஷ் பெட்டிஷன் கொண்டு போனா அங்க முன்ஜாமீன் செக்‌ஷன்ல நிக்கும். இதுல இன்னொரு சிக்கல், பழசும் போகல. ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு ஐ.பி.சி. தான், அன்னைக்கு பெண்டிங்ல இருந்த விசாரணையும் ட்ரயலும் பழைய சி.ஆர்.பி.சி.லயே தொடரும், அதனால இன்னும் பல வருசம் ரெண்டு செட்டும் மண்டைக்குள்ள ஓடணும். தமிழ்நாடு முழுக்க வக்கீலுங்க இந்த சட்டங்கள எதிர்த்து போராடுன நேரம் அது, நானும் போயி நின்னேன், ஆனா போராட்டம் முடிஞ்சு உள்ள போனா ஜட்ஜ் முன்னாடி அந்த சட்டத்த தான விரிக்கணும்.

அப்போ தான் இந்த சனிக்கிழமை கிளாஸோட அரும தெரிஞ்சுது. மத்த இடத்துல எல்லாம் பழைய செக்‌ஷன் புது செக்‌ஷன்னு ரெண்டு காலம் போட்ட பிடிஎஃப் அனுப்பிட்டு அதோட கைய கழுவிட்டாங்க. இங்க ஒரு சீனியர், கிரிமினல் சைடுல பேரெடுத்தவர், சாட்சிய சட்டம் புதுசுல 63வது செக்‌ஷன மட்டும் எடுத்து அந்த சாயங்காலம் பூரா அதுலயே நின்னாரு. பழைய 65பி தான் இது, போன், சிசிடிவி மாதிரி எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு சர்டிபிகேட் கேக்குறது. அர்ஜுன் பண்டிட்ராவ் கேஸ்ல 2020ல சர்டிபிகேட் கட்டாயம்னு சொல்லியாச்சு, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா புதுசுல சர்டிபிகேட் ரெண்டு பகுதி, பார்ட் ஏ அந்த போன், கம்ப்யூட்டர் யாரு பொறுப்புல இருக்கோ அவங்க குடுக்கணும், பார்ட் பி ஒரு எக்ஸ்பர்ட் குடுக்கணும், ரெண்டுலயும் ஹாஷ் வேல்யூ எழுதணும். ஹாஷ் வேல்யூன்னா என்ன? அங்க இருந்த நாங்க யாரும் வாய தொறக்கல.

அவரு பேசிட்டு இருக்காம லேப்டாப்ப தொறந்தாரு. மார்த்தாண்டத்துல ஒரு கடை சிசிடிவின்னு வச்சுக்கோங்கன்னு ஒரு வீடியோ ஃபைல போட்டு ஷா256ன்ற முறைல ஹாஷ் எடுத்து காட்டுனாரு, நீளமா எழுத்தும் நம்பருமா ஒரு வரி வந்துச்சு. அதே ஃபைல பென் டிரைவ்ல காப்பி பண்ணி மறுபடி எடுத்தாரு, அச்சு அசல் அதே வரி. அப்புறம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல எடுத்து ஹாஷ் போட்டு, அதுல ஒரே ஒரு கமாவ அழிச்சுட்டு திரும்ப போட்டாரு, வரி மொத்தமும் மாறிருச்சு. "இப்போ சொல்லுங்க, போலீஸ் குடுத்த பென் டிரைவ்ல உள்ள ஃபைலுக்கும் சர்டிபிகேட்ல எழுதுன நம்பருக்கும் பொருந்தலைன்னா கிராஸ்ல (குறுக்கு விசாரணைல) என்ன கேப்பீங்க?" அவ்வளவு தான், ரூமே எழுந்து உட்கார்ந்துச்சு. சாயா வந்து ஆறிப்போயி ஏடு கட்டுச்சு, யாரும் எடுக்கல. எத்தன வெபினார் பாத்தாலும் இது மண்டைல ஏறிருக்காது, ஏன்னா அவரு அவரோட கேஸ் கட்ட கொண்டு வந்து ஐ.ஓ.கிட்ட (கேஸ விசாரிச்ச போலீஸ் அதிகாரிகிட்ட) கேட்ட கேள்விய வரிக்கு வரி படிச்சாரு, கட்சிக்காரங்க பேர மட்டும் மறைச்சுட்டு.

இன்னொரு கிளாஸ், இது நம்ம மாவட்டத்துக்குன்னே உள்ளது, சென்னை ஆளு எவனும் நடத்த முடியாது. 1956 நவம்பர் 1க்கு முன்னாடி நாம திருவிதாங்கூர் தான, கடைசில திருவிதாங்கூர்-கொச்சி. இப்பவும் பாகப்பிரிவினை கேஸ் ஒண்ணு வந்தா பெட்டிக்குள்ள இருந்து மலையாளத்துல எழுதுன ஆதாரம் (பத்திரம்) வெளிய வரும், தேதி கொல்லம் ஆண்டுல இருக்கும். ஜூனியர் பயலுவ அத பாத்து முழிப்பானுவ. ஓய்வு பெற்ற ஒரு சிவில் சைடு வக்கீல், வயசு எண்பது தாண்டியிருக்கும், அவரு வந்து போர்டுல எழுதுனாரு: சிங்க மாசத்துல (நம்ம ஆவணி) இருந்து டிசம்பர் முடிய உள்ள தேதின்னா கொல்லம் ஆண்டோட 824 கூட்டு, ஜனவரிக்கு அப்புறம்னா 825 கூட்டு. அப்புறம் தண்டப்பேர் (நிலவரி கணக்குல உள்ள உரிமையாளர் பதிவு) என்ன, பழைய சர்வே நம்பர் ரீசர்வேல எப்படி மாறும், ஒற்றி ஆதாரத்துல எந்த வரிய முதல்ல பாக்கணும்னு ஒவ்வொண்ணா. அங்கருந்து வாரிசுரிமைக்கு போனாரு. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமை சட்டம், கொல்லம் 1092, அதாவது 1916. மகளுக்கு மகன் பங்குல கால் பங்கு இல்லேன்னா 5,000 ரூபா, எது கம்மியோ அது. நிலம் என்ன விலை போனாலும் பொண்ணுக்கு அதுக்கு மேல கிடையாது! மேரி ராய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 1986ல என்ன சொல்லிச்சுன்னா 1951 ஏப்ரல் 1ல இருந்தே அது போயிருச்சு, இந்திய வாரிசுரிமை சட்டம் தான் பொருந்தும்னு. நம்ம மாவட்டத்துல எத்தன குடும்பத்துல "அவளுக்கு அன்னைக்கே ஸ்ரீதனம் குடுத்தாச்சே"ன்னு சொல்லி ஆதாரம் எழுதிருக்காங்கன்னு நினைச்சு பாருங்க, அப்பா எந்த வருசம் செத்தாருங்கறது அங்க எவ்வளவு பெரிய கேள்வின்னு புரியும். நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டத்தயும் தொட்டாரு, ஆனா மழ வந்து கரண்ட் போயி அது பாதில நின்னுபோச்சு, இன்னும் பாக்கி இருக்கு. யாராவது அவர திரும்ப கூப்பிடுங்கப்பா, அவரு இருக்கும்போதே ரெக்கார்ட் பண்ணி வைக்கணும்.

எம்.சி.ஓ.பி. (வாகன விபத்து நஷ்டஈடு கேஸ்) கிளாஸ் பத்தி ஒரு வரி. 2022 ஏப்ரல் 1ல இருந்து விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள பெட்டிஷன் போடணும்னு சட்டம் மாறுனது நம்ம பக்கம் ரொம்ப பேருக்கு லேட்டா தான் தெரிஞ்சுது, இங்க அத சொன்னாங்க. அத எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கேஸ் போயிருக்கு, அது எப்படி முடிஞ்சாலும் 6 மாசத்துக்குள்ள ஃபைல் பண்றது தான் கட்சிக்காரனுக்கு பாதுகாப்பு.

சரி இப்போ குறை. இதே சங்கம் வருசத்துக்கு ஒரு பெரிய கருத்தரங்கம் போடும், ஹோட்டல் ஹால்ல. காலைல 10 மணின்னு நோட்டீஸ், சீஃப் கெஸ்ட் வர 11.30. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, நினைவு பரிசு, மேடைல உள்ளவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொருத்தர் பொன்னாடை, அதுக்கு ஒவ்வொரு போட்டோ. தலைப்பு "சைபர் குற்றங்களும் சவால்களும்"னு இருக்கும், பேசுறவரு தான் சின்ன வயசுல எப்படி கஷ்டப்பட்டு படிச்சாருன்னு பேசுவாரு. பாடம்னு உள்ளது சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம். பிரியாணிய குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு தனியா ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், மெம்பருக்கு சலுகையாம். சவம் அந்த காச சனிக்கிழமை கிளாஸுக்கு போட்டு ஒரு நல்ல மைக்கும் இன்வெர்ட்டரும் வாங்கலாம்ல.

ரெண்டாவது குறை நேரம். கிளாஸ் 5.30ன்னு போட்டு 6 மணிக்கு மேல தான் தொடங்கும், முடியும்போது 8 தாண்டும். நாகர்கோவில்ல வீடு உள்ள ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. அருமனைல இருந்தும் தேங்காப்பட்டணத்துல இருந்தும் வர்ற பொண்ணுங்க பாதி கிளாஸ்லயே பைய தூக்கிட்டு பஸ்ஸ பாத்து ஓடணும், கேள்வி நேரம் கடைசில தான வைக்கிறாங்க, அது இவங்களுக்கு கிடைக்கவே கிடைக்காது. கோர்ட் லீவு சனிக்கிழமைல மதியம் 2 மணிக்கு வைங்கன்னு எழுதியே குடுத்தாச்சு. பரிசீலிக்கிறோம்னு பதில். ரெக்கார்டிங் கேட்டா சீனியர் சம்மதிக்கலைன்னு சொல்றாங்க, சில பேரு சம்மதிக்க மாட்டாங்க தான், அவங்க கேஸ் கட்ட வச்சு பேசுறதால அது நியாயம், ஆனா கேட்டு பாக்கவே இல்லைங்கறது தான் எனக்கு தெரிஞ்ச வரைக்கும் நிஜம்.

அந்த டெல்லி சங்கத்துக்கு வருவோம். வாரத்துக்கு பல வெபினார், ஆர்பிட்ரேஷன், இன்சால்வென்சி, டேட்டா பாதுகாப்பு, எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. தரம் கொள்ளாம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பத்மநாபபுரம் சப் கோர்ட்ல வரப்பு தகராறுக்கு இன்ஜங்ஷன் போடுற எனக்கு சிங்கப்பூர் ஆர்பிட்ரேஷன் செண்டர் ரூல் என்னத்துக்கு? ஒரு தடவ செயற்கை நுண்ணறிவு பத்தி போட்டது மட்டும் மனசுல நின்னுச்சு. 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க சாட்ஜிபிடி குடுத்த தீர்ப்புகள சரிபாக்காம கோர்ட்ல போட்டு, அப்படி தீர்ப்பே இல்லேன்னு தெரிஞ்சு 5,000 டாலர் அபராதம் வாங்குன கேஸ எடுத்து, சைட்டேஷன எப்படி எல்லாம் சோதிக்கணும்னு சொல்லி குடுத்தாங்க. அது நம்ம ஆளுங்களுக்கும் அவசரமா தேவ, வாட்ஸாப் குரூப்ல வர்ற "முக்கிய தீர்ப்பு" ஃபார்வர்ட அப்படியே மெமோல போடுற ஆளுங்க இருக்காங்க இங்க.

அதே சங்கம் சட்ட டேட்டாபேஸ் சந்தால டிஸ்கவுண்ட் தர்றோம்னு பெருசா விளம்பரம் பண்ணும். கணக்கு போட்டு பாத்தேன், நேரா வாங்குனா வர்ற பண்டிகை ஆஃபரோட பெரிய வித்தியாசம் இல்ல. அதுவும் போக சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு இ-எஸ்.சி.ஆர்.ன்ற ஆன்லைன் தொகுப்பு 2023 ஜனவரில இருந்து ஓசில கிடைக்குது. ஹைகோர்ட் தீர்ப்புக்கு தலைப்பு குறிப்போட வேணும்னா தான் காசு போட்டு வாங்குற ஜர்னல் வேணும், அதுக்கு எங்க தக்கலை கிளைல ஒரு அலமாரி இருக்கு, எம்.எல்.ஜே., எல்.டபிள்யூ., சி.டி.சி. பைண்ட் பண்ணி வரிசையா. சாவி பொருளாளர்கிட்ட. அவரு கோர்ட்டுக்கு வர்ற நாள் பாத்து போகணும். எப்படியும் உள்ள போயிட்டீங்கன்னா நல்ல அலமாரி.

இன்னும் ரெண்டு விஷயம் சேர்றதுக்கு காரணமா சொல்லுவாங்க, அத நம்பி காசு கட்டாதீங்க. ஒண்ணு, மீடியேட்டர் (ரெண்டு கட்சிக்கும் சமரசம் பேசி வைக்கிறவர்) ஆகலாம்னு. மீடியேஷன் பேனலுக்கு சுப்ரீம் கோர்ட் கமிட்டி வகுத்த 40 மணி நேர பயிற்சி வேணும், சங்கத்துல நடக்குற ஒரு நாள் மீடியேஷன் வொர்க்‌ஷாப் அதுக்கு ஈடாகாது, அறிமுகத்துக்கு ஆகும். ரெண்டாவது, ஜட்ஜ் பரீட்சை. சிவில் ஜட்ஜுக்கு 3 வருசம் பிராக்டிஸ் வேணும்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் திரும்ப கொண்டு வந்ததுக்கு அப்புறம் நிறைய பிள்ளைங்க அந்த 3 வருசத்துல எங்கயாவது ஒட்டிக்கணும்னு சங்கத்துக்கு வர்றாங்க. சங்க மெம்பர்ஷிப் பிராக்டிஸுக்கு சான்று ஆகாது. ஆனா பரீட்சைக்கு படிக்க ஒரு செட்டு கிடைக்குது, அது உண்ம. எங்க கிளைல நாலஞ்சு பிள்ளைங்க கிளாஸ் முடிஞ்சு அங்கயே உட்கார்ந்து தீர்ப்பு எழுதி பாத்து ஒருத்தருக்கொருத்தர் திருத்திக்குறாங்க, அதுக்கு சீனியர்ஸும் கூப்பிட்டா வந்து பாக்குறாங்க. சீனியர் ஆபீஸ்ல கட்டு தூக்குறதோட நிக்கிற பிள்ளைக்கு, இன்னொரு சீனியர் எப்படி யோசிக்கிறாருன்னு பாக்க வேற வழி இந்த ஊர்ல இல்ல. உங்க சீனியருக்கு இது பிடிக்காம போகலாம், அத நீங்க பாத்துக்கோங்க.

மார்க்: மாநில சங்கத்துக்கு 5க்கு 3.5, அதுல 3 அந்த சனிக்கிழமை கிளாஸுக்கு மட்டும். கருத்தரங்கத்த நிறுத்துனா அரை மார்க் கூட தருவேன். டெல்லி சங்கத்துக்கு 2, கார்ப்பரேட், ஆர்பிட்ரேஷன் பண்றவங்கன்னா 4 குடுத்துக்கோங்க, குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி கோர்ட்ல சிவிலும் கிரிமினலும் பாக்குற ஆளுக்கு அது அதிகம். வர்ற ஏப்ரல்ல நான் முதல்ல சொன்னத மட்டும் தான் ரினியூ பண்றேன்.

சேரணும்னு நினைக்கிற பிள்ளைங்க காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சும்மா போயி பின் பெஞ்சுல உட்காருங்க, யாரும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க. போன வருசம் என்னென்ன கிளாஸ் நடந்துச்சுன்னு லிஸ்ட் கேளுங்க, கருத்தரங்க போட்டோ ஆல்பத்த காட்டுனாங்கன்னா புரிஞ்சுக்கோங்க. முதல் 3 வருசத்துக்கு ஜூனியர் சந்தா பாதி தான், அத அவங்களா சொல்ல மாட்டாங்க, நீங்க கேக்கணும். கட்டுனா ரசீது வாங்கிருங்க, ரசீது இல்லாதவங்க பேரு வாட்ஸாப் குரூப்ல ஏறுது, மெம்பர் ரிஜிஸ்டர்ல ஏறுறதில்ல, அலமாரில இருந்து புக்கு எடுக்கணும்னா ரிஜிஸ்டர்ல பேரு இருக்கணும்.